1,84,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி

பட்டிவீரன்பட்டி,
மார்கழி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்ளைக்கு,

தீபாவளிக்கு வந்த கடிதத்துக்கு மார்கழியில்தான் பதில் எழுத முடிகிறது. கோபித்துக்கொள்ளாதே. முழங்கால் ஆபரேஷனுக்கு அப்புறம் நீ மாடிப்படி ஏறி இறங்குகிறாய் என்று படித்தபோது மனசு நிறைந்தது. பாப்பாவுக்கு ஓசூரில் வேலை கிடைத்ததை வீட்டில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். இங்கே காப்பிப் பழம் பறிப்பு பாதி முடிந்திருக்கிறது. மழையும் விட்டபாடில்லை.

வண்டி வாங்கிவிட்டதாகப் போனில் சொன்னதும், "ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம் ஓடின வண்டியை இந்த வயசுல எதுக்குடா வாங்குற?" என்று கேட்டாய். கடைக்குள் நின்று பேசியதால் அப்போது சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது விவரமாக எழுதுகிறேன். நீயும் ஓய்வு பெற்றதும் நாலு சக்கரமும் இழுக்கிற ஒரு ஃபோர் வீல் வண்டி எடுக்கலாம் என்று எழுதியிருந்தாய். அதற்கும் இது உதவும்.

தாண்டிக்குடிக்கு மேலே நம் தோட்டத்துக்குப் போகிற கடைசி மூன்று கிலோமீட்டர் உனக்கு ஞாபகம் இருக்கும். அது இன்னும் மண் பாதைதான். நம் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. பழம் பழுப்பதும் அதே சமயத்தில்தான். பறித்த பழத்தை அன்றைக்கே பல்பர் மெஷினில் போட்டுத் தோல் நீக்கியாக வேண்டும். ஒரு ராத்திரி மூட்டையில் கிடந்தாலே புளித்து, காப்பியின் ருசி போய்விடும். இத்தனை வருடமும் வாடகை ஜீப்பை நம்பித்தான் காலம் ஓடியது. போன வருடம் அந்த டிரைவர் ஜீப்பை விற்றுவிட்டுத் திருப்பூர் போய்விட்டார். அப்புறம் கார்த்திகையில் ஒரு நாள், பழம் பறிக்கிற அக்கா ஒருவர் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டார். போர்வையில் டோலி கட்டி, மழையில் நாலு பேர் தூக்கிக்கொண்டு அந்த மூன்று கிலோமீட்டரும் இறங்கினோம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அந்த அக்கா பல்லைக் கடித்துக்கொண்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அன்று ராத்திரி உன் தங்கச்சிதான் சொன்னாள்: "நகையை வச்சாவது ஒரு வண்டி வாங்குங்க."

புது வண்டிக்கு நம்மிடம் பணம் இல்லை. கையில் இருந்தது ஆறு லட்சம். அதற்குள் வண்டியும் வர வேண்டும், வாங்கியபின் செய்கிற வேலைக்கும் மிச்சம் வேண்டும். நாலு மாதம் திண்டுக்கல், மதுரை, கோயம்புத்தூர் என்று பழைய வண்டி விற்கிற ஆட்டோ கன்சல்டிங் ஒன்று விடாமல் ஏறி இறங்கினேன். கூடவே வத்தலக்குண்டு மெக்கானிக் அண்ணனும் வந்தார். அவர் இல்லாமல் போயிருந்தால் முதல் வாரத்திலேயே ஏமாந்திருப்பேன்.

அந்த முதல் வார வண்டியைச் சொல்லியே ஆக வேண்டும். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த பழைய ஜீப். மீட்டரில் 71,000தான். கருநீலத்தில் புதுப் பெயிண்ட், புது சீட் கவர், விலையும் குறைவு. அட்வான்ஸ் கொடுக்கப் பையில் கை வைத்துவிட்டேன். அண்ணன் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் சாக்கை விரித்து அடியில் நுழைந்தார். வண்டியின் அடிச்சட்டமான சேசிஸை ஸ்பானரால் தட்டிக்கொண்டே போனார். முன்பக்கம் கணீர் என்று கேட்டது. பின் சக்கரத்துக்கு மேலே வந்ததும் சத்தம் மாறி, மண்சட்டியைத் தட்டியது போல 'பொத்' என்றது. இன்னொரு தட்டு. உள்ளங்கை அகலத்துக்குத் துரு, அப்பளம் நொறுங்குவது போல அவர் மார்பில் உதிர்ந்தது. அதை உறைந்து போயிருந்த என் கையில் வைத்தார். அப்புறம்தான் விசாரித்தோம். 2017இல் அரிச்சல்முனை வரை சாலை வருவதற்கு முன்னால் தனுஷ்கோடிக்குச் சவாரி அடித்த வண்டி. வருடக்கணக்கில் மணலிலும் கடல் தண்ணீரிலும் இறங்கி ஏறியிருக்கிறது. ஓடியது குறைவுதான், ஆனால் ஓடிய இடம் உப்பு. துருவுக்கு மேலே பட்டி பூசி, பெயிண்டும் அடித்து நிறுத்தியிருந்தார்கள்.

அன்றிலிருந்து நான் மீட்டரைக் கடைசியில்தான் பார்ப்பேன். எண்ணைக் குறைத்து வைப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. 60,000 என்று காட்டுகிற வண்டியில் கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால், ஸ்டியரிங்கில் தோல் பளபளத்தால், டிரைவர் சீட்டின் ஏறுகிற பக்கம் மட்டும் அமுங்கிக் கிடந்தால், அந்த எண்ணை நம்ப முடியுமா?

வேறு என்னென்ன பார்த்தேன் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். நீ சொன்ன பழைய ஃபார்ச்சூனர் ஒன்று, 2010 மாடல், 2,30,000 ஓடியது. அருமையான எஞ்சின். அந்த மூன்று லிட்டர் எஞ்சினுக்கு 1,50,000இல் டைமிங் பெல்ட் மாற்ற வேண்டும், மாற்றியதற்கு ரசீது இருந்தது. ஆனால் 1,840 மில்லிமீட்டர் அகலம். நம் பாதையில் இரண்டு பக்கமும் மிளகுக்கொடி ஏறிய முள்முருங்கை மரம் நிற்கிறது, நுழையாது. உனக்கு ஊர் சுற்றத்தான் என்றால் அதைத் தாராளமாகப் பார்க்கலாம். திருவள்ளூரில் தயாரான பழைய பஜேரோ ஒன்றைப் பார்த்து ஆசைப்பட்டேன். உதிரி பாகத்துக்கு யார் அலைவது என்று அண்ணன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். மாருதி ஜிப்ஸி பார்க்க அழகு, எடையும் குறைவு. ராணுவ ஏலத்தில் எடுத்தது ஒன்று வந்தது. பெட்ரோல் செலவு கட்டாது, காகிதத்திலும் குழப்பம்.

டெல்லி வண்டிகள் தனிக் கதை. பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி தலைநகரில் ஓடக்கூடாது என்று 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அதிலிருந்து நல்ல டீசல் வண்டிகள் மலிவாகத் தெற்கே வருகின்றன. வண்டியில் குறை இருக்காது. ஆனால் அங்கிருந்து என்.ஓ.சி எனும் தடையில்லாச் சான்று, இங்கே ஆயுள் வரி, மறுபதிவு என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால்தான் உண்மையான விலை தெரியும். என்.ஓ.சி கையில் இல்லாமல் "வந்துரும் சார்" என்கிற வண்டிக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதே.

இன்னொன்று. பின்னால் ஃபோர் பை ஃபோர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது என்று நம்பிவிடாதே. குனிந்து பார். முன் சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோகிற புரொப்பல்லர் ஷாஃப்ட் எனும் தண்டு இருந்தால்தான் அது ஃபோர் வீல். கோயம்புத்தூரில் ஒரு கன்சல்டிங்கில் ஸ்டிக்கர் மட்டும் இருந்தது, ஷாஃப்ட் இல்லை.

கடைசியில் வண்டி கிடைத்த இடம் வால்பாறை. டீ எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவருடையது. மஹிந்திரா தார், 2013 மாடல், பழைய சி.ஆர்.டி.இ டீசல் எஞ்சின், இரண்டரை லிட்டர், 105 குதிரைச் சக்தி. பின்னால் லீஃப் ஸ்பிரிங் பட்டை. முதல் நாளே ஆழியாறு வழியாக நாற்பது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய், வால்பாறையில் தங்கினோம். "காலையில் நாங்கள் வரும்வரை வண்டியைக் கிளப்ப வேண்டாம்" என்று மட்டும் பெரியவரிடம் கேட்டுக்கொண்டோம். டீசல் எஞ்சினின் குணம் விடிகாலைக் குளிரில்தான் தெரியும். முன்கூட்டியே சூடாக்கி வைத்தால் பாதி நோய் மறைந்துவிடும்.

ஆறு மணிக்குப் போனதும் பானெட்டில் கை வைத்தேன். ஜில்லென்று இருந்தது. மூன்றாவது நொடியில் பிடித்துக்கொண்டது. முதலில் கொஞ்சம் புகை, பிறகு இல்லை. நீலப் புகை வந்திருந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால், எஞ்சின் தலைப்பகுதியை அடைக்கிற ஹெட் கேஸ்கட் போயிருக்குமோ என்று யோசிக்க வேண்டும். அண்ணன் ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருகி எடுத்து, தலைகீழாக அந்த ஓட்டையின் மேலேயே வைத்தார். தேய்ந்த எஞ்சின் என்றால் உள்ளேயிருந்து காற்று அடித்து மூடி எகிறும். பேக் கம்ப்ரஷன் என்பார்கள். மூடி இலேசாக நடுங்கியது, விழவில்லை.

அப்போது உங்கப்பா ஞாபகம் வந்தது, மாப்ளே. போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போன அந்த ஜீப்பை, காலையில் கிளப்பியதும் மரப்பிடி ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாரே. லீவுக்கு உங்கள் வீட்டில் தங்கியபோது என் காதிலும் ஒருமுறை வைத்தார். "நாலு சிலிண்டரும் ஒண்ணா பேசுதா பாரு" என்றார். வால்பாறையில் நானும் ஒரு ஸ்குரூ டிரைவரை வாங்கி அப்படியே கேட்டேன். நாலும் ஒன்றாகத்தான் பேசியது. மூன்றாவதில் மட்டும் இலேசான 'டிக்'. டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் என்று அண்ணன் சொன்னார்.

எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்குப் பின்னால் சேறாகக் கிடந்த ஏற்றத்தில் ஃபோர் லோ, அதாவது நாலு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கிற கியர், போட்டு ஏற்றினோம். லோவில் போட்டால் சக்கரத்துக்குப் போகிற இழுவை சுமார் இரண்டரை மடங்காகிறது. ஆக்ஸிலேட்டரில் கால் வைக்காமலே முதல் கியரில் எருமை நடப்பது போல ஏறியது. லிவரைப் போடும்போதும் எடுக்கும்போதும் சத்தம் இல்லை, நடுவில் நழுவவும் இல்லை. இந்தச் சோதனையை மண்ணில்தான் செய்ய வேண்டும். காய்ந்த சாலையில் ஃபோர் வீல் போட்டு வளைத்தால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்து, முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரிக்கிற டிரான்ஸ்பர் கேஸ் கெட்டுவிடும். அப்புறம் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தபோது அண்ணன் கழுத்தில் இரண்டு அட்டைப்பூச்சி. பெரியவர் ஓடிப் போய் உப்பு எடுத்து வந்தார்.

உப்போடு ஒரு நோட்டையும் எடுத்து வந்தார். அதைப் பார்த்துத்தான் நான் முடிவு செய்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டு. தேதி, கிலோமீட்டர், டீசல் எத்தனை லிட்டர், ஆயில் எப்போது மாற்றியது, எல்லாம் நீல மையில். 78,000இல் கிளட்ச். 1,31,000இல் டர்போ. ஒரு பக்கத்தில், "மகள் கல்யாணம், வண்டி 4 நாள் ஓய்வு" என்று எழுதியிருந்தது. 4,90,000 கேட்டார். நான்கு டயரும் மாற்ற வேண்டியிருந்தது, முன் வீல் பேரிங்கிலும் புரொப்பல்லர் ஷாஃப்டை இணைக்கிற கிராஸிலும் ஆட்டம் இருந்தது. அதையெல்லாம் காட்டி 4,60,000க்குப் பேசி முடித்தோம். சாவியைக் கொடுக்கும்போது அவர் கை வண்டியின் கதவை விடவில்லை. எனக்கும் பேச்சு வரவில்லை.

காகித விஷயத்தில் ஒரு இழுபறி. கடனை அடைத்து வெகுநாள் ஆகியும் ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் நீங்காமல் இருந்தது. ஃபாரம் 35 வாங்கி அதை நீக்க மூன்று வாரம். பிறகு ஃபாரம் 29, 30இல் கையெழுத்து, பெயர் மாற்றம். இந்த வேலை முடியும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காதே. பெரியவரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. 2028இல் பதினைந்து வருடம் முடிகிறது. அப்போது எஃப்.சி எனும் தகுதிச் சோதனைக்குக் காட்டி, கிரீன் டாக்ஸ் கட்டி ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். அதையும் கணக்கில் வைத்துத்தான் வாங்கினேன்.

டயர், பேரிங், கிராஸ், ஒரு இன்ஜெக்டர், எல்லா ஆயிலும் மாற்றியது என்று வத்தலக்குண்டில் 83,000 ஆனது. டயர் நான்கையும் ஒரே அளவில், ஒரே சமயத்தில் போட்டேன். இரண்டு மட்டும் புதிதாகப் போட்டால் ஃபோர் வீலில் ஓடும்போது சுற்று ஒத்துப்போகாது. பழைய வண்டி பார்க்கும்போது விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வை. வாங்கிய முதல் மாதத்திலேயே அது செலவாகிவிடும்.

ஐப்பசி கடைசியில் முதல் லோடு இறக்கினேன். பதினொரு மூட்டைப் பழம், நல்ல மழை. பாறை வளைவில் பின்சக்கரம் ஒருமுறை சறுக்கி, முன்சக்கரம் பிடித்து இழுத்துக்கொண்டது. பொழுது சாய்வதற்குள் பழம் மெஷினில் விழுந்துவிட்டது. அந்த அக்காவும் இந்த வருடம் பறிப்புக்கு வந்திருக்கிறார், இன்னும் கொஞ்சம் நொண்டித்தான் நடக்கிறார். சாயங்காலம் முன் சீட்டில் ஏற்றிக் கீழே கொண்டுவந்து விடுகிறேன். நானும் ஒரு நோட்டு வாங்கி, பெரியவர் விட்ட இடத்திலிருந்து எழுதிக்கொண்டு வருகிறேன்.

பங்குனியில் மழை ஒன்று பெய்ததும் காப்பி பூக்கும். இரண்டு மூன்று நாள்தான், மலை முழுக்க வெள்ளை. முழங்கால் ஒத்துழைத்தால் குடும்பத்தோடு வா. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியோடு வந்து நிற்கிறேன். நீ ஒரு அடிகூட நடக்க வேண்டாம். வரும்போது, உங்கப்பாவின் அந்த மரப்பிடி ஸ்குரூ டிரைவர் இன்னும் வீட்டில் இருந்தால் எடுத்து வா. மூன்றாவது இன்ஜெக்டர் மாற்றியது சரியாக இருக்கிறதா என்று நீயும் ஒருமுறை காது வைத்துக் கேள்.

அன்புடன்,
உன் மாப்ளே