சிங்கப்பூர், தஞ்சோங் பகாரிலிருந்து

அன்புள்ள சேகர்,

கண்புரை ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடு. உன் சோம்பேறித்தனம் எனக்குத் தெரியாதா?

நம்ம பக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். தஞ்சோங் பகார் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து மேலே ஏறி வந்தால் உனக்குத் திசையே பிடிபடாது. தலைக்கு மேல் குவோக்கோ டவர். 64 மாடி, 2016-ல் முடித்தார்கள். ராஃபிள்ஸ் பிளேஸில் ஓயூபி, யூஓபி, ரிப்பப்ளிக் பிளாசா மூன்று கட்டடங்களும் 280 மீட்டரோடு நின்றுவிட்டன இல்லையா? இது சில மீட்டர் தாண்டிவிட்டது.

அடியில் ரயில், அதற்கு மேல் கடைகள், பிறகு ஆபீஸ்கள், 39-ஆம் மாடி தொடங்கி உச்சிவரை வீடுகள். அதே வளாகத்தில் ஹோட்டலும் உண்டு. உச்சி வீட்டை ஜேம்ஸ் டைசன் (வேக்கும் கிளீனர்காரர்தான்) 2019-ல் 73.8 மில்லியன் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கி, மறு வருஷமே 62 மில்லியனுக்குத் தள்ளிவிட்டார். ஜூரோங் வீட்டை விற்றுவிட்டு நீ இரண்டு வருஷம் புலம்பியது ஞாபகம் வந்தது.

சின்னவளுக்கு அங்கேதான் வேலை. போன வெள்ளிக்கிழமை சாப்பிட வரச் சொன்னாள். நான் ஹோட்டல் வாசலில் நுழைந்து, முழங்கை தேய்ந்த சட்டையோடு சோபாவில் காத்திருந்தேன். ஆபீஸுக்கு வேறு வாசலாம். மேலே கூட்டிப்போய் ஜன்னல் வழியாகத் துறைமுகத்தைக் காட்டினாள். நாம் மழையில் நனைந்துகொண்டு கன்டெய்னர் எண்ணிய இடம் அங்கிருந்து ஒரு விரலுக்குள் மறைகிறது. எல்லாம் மேற்கே துவாஸ் துறைமுகத்துக்குப் போகிறது, தெரியுமல்லவா?

வெளியே கால் வைக்காமலே வாழலாம் என்றுதான் இப்படிக் கட்டினார்கள். ஆனால் பகல் 12 அடித்ததும் பார்க்க வேண்டும்! கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்க, கையில் பர்ஸோடு கூட்டம் கூட்டமாக இறங்கி, வெயிலில் அமோய் ஸ்ட்ரீட், மேக்ஸ்வெல் உணவங்காடிகளுக்கு நடக்கிறார்கள். இவளும் கீழே இருக்கும் கடைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அங்க விலை அதிகம்பா, ருசியும் கிடையாது" என்று மேக்ஸ்வெல்லுக்கு இழுத்துப் போய்விட்டாள். அரைமணி நேரம் வரிசை. வேர்த்துக் கொட்டியது. மேசைமேல் டிஷ்யூ பாக்கெட் போட்டு இடம் பிடிக்கும் வழக்கம் மட்டும் மாறவே இல்லை.

தைப்பூசத்துக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். பினாங்கிலிருந்து டிக்கெட் எடுத்ததும் தேதியைச் சொல். டிஷ்யூ பாக்கெட் என் செலவு.

அன்புடன்,
மணியம்