முதல் கேமிங் பிசி வாங்கப்போறவங்களுக்கு நம்ம கடையிலேர்ந்து ஒரு மடல்

வணக்கம்ங்க. பரீட்சை முடியப்போகுது, இனி ரெண்டு மாசத்துக்கு திருச்சியில நம்ம கடைப்படி ஏறுறவங்கள்ல பாதிப்பேரு "அண்ணே அம்பதாயிரம் இருக்கு, ஒரு கேமிங் பிசி போட்டுக்குடுங்க"ன்னுதான் வருவீங்க, பக்கத்துல அப்பா நிப்பாரு, அவரு முகத்தப் பாத்தாலே தெரியும் அவருக்கு இதுல இஷ்டமில்லன்னு. நாங்க கொட்டேஷன் எழுதிக்குடுத்ததும் எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான், ஏன்ணே லைட்டே இல்ல, லிக்விட் கூலர் இல்ல, கரண்ட் குடுக்குற எஸ்எம்பிஎஸ் பொட்டிக்கு மட்டும் இவ்ளோ காசு போட்டிருக்கீங்க, வேற கடையில இதே காசுக்கு கலர்கலரா மின்னுதேன்னு. கூட்ட நேரத்துல நின்னு விளக்க முடியலங்க, அதான் எழுதிட்டோம்.

காசுல பெரிய பங்கு கிராபிக்ஸ் கார்டுக்குப் போகணும், மூணுல ஒரு பங்காவது. 1080பில, அதாவது சாதா ஃபுல் எச்டி மானிட்டர்ல, விளையாட ஆர்எக்ஸ் 6600 மாதிரி 8 ஜிபி கார்டு ஒண்ணு, கூட பிராசசரா ரைசன் 5 5600, இல்லன்னா ஐ3-12100எஃப், இது போதும். அந்த ஐ3ல கடைசியில இருக்குற எஃப்புக்கு அர்த்தம் என்னன்னா பிராசசருக்குள்ள கிராபிக்ஸ் கிடையாது, அதனால மானிட்டர் வயர கார்டுல சொருகாம மதர்போர்டுல சொருகிட்டு "டிஸ்ப்ளேவே வரல"ன்னு போன் பண்ணாதீங்க, மாசத்துக்கு ரெண்டு போனாச்சும் இதுக்கே வருது. இப்போதைக்கு கார்டு வாங்கவே காசு இல்லன்னா உள்ளயே கிராபிக்ஸ் இருக்குற 5600ஜி பிராசசரப் போட்டுட்டு அப்புறமா கார்டு சேத்துக்கலாம், ஆனா அதுக்கு ரேம் 16 ஜிபி ஒரே குச்சியா வேணாம், 8 ஜிபி ரெண்டா வாங்குங்க, ஏன்னா உள்ள இருக்குற கிராபிக்ஸுக்குத் தனியா மெமரி இல்ல, ரேமத்தான் பங்கு போட்டுக்கும், ஒத்தக் குச்சியில அது நொண்டும். பயாஸ்ல, அதாவது மதர்போர்டோட செட்டிங்ஸ்ல, ரேம முழு வேகத்துல ஓடவைக்க எக்ஸ்எம்பின்னு ஒண்ணு இருக்கும், அத ஆன் பண்ண மறந்துட்டா 3200 வேக ரேமும் பெரும்பாலும் 2133, 2400ன்னுதான் ஓடும், நாங்க ஆன் பண்ணித்தான் குடுப்போம், வீட்டுல தானே அசெம்பிள் பண்றவங்க பாத்துக்கங்க.

செகண்ட் ஹேண்ட்ல ஆர்எக்ஸ் 580 கார்டுன்னு சொல்லி மலிவா வர்றதுல நிறைய 2048எஸ்பிங்கிற குறைஞ்ச ரகம், பேரு ஒண்ணு சரக்கு வேற, ஒரிஜினல்ல 2304 கோர், இதுல 2048தான். அதுவும் கிரிப்டோ காசு மைனிங்ல ராப்பகலா வெந்த கார்டா இருக்க வாய்ப்பு அதிகம். நாங்க விக்கிறதில்ல, அவ்ளோதான்.

இப்ப எஸ்எம்பிஎஸ். கேபினட்டோட ஓசியா வர்ற பொட்டியில 450 வாட்ஸ்னு பெருசா ஒட்டியிருக்கும், அத விடுங்க, அதே ஸ்டிக்கர்ல சின்ன எழுத்துல 12 வோல்ட்டுக்கு எத்தன ஆம்பியர்னு போட்டிருக்கான்னு பாருங்க. கார்டும் பிராசசரும் அந்த 12 வோல்ட்டுலதான் ஓடும், 14 ஆம்பியர்னா 12 இன்ட்டு 14, 168 வாட்ஸ்தான். ஆர்எக்ஸ் 6600 மட்டுமே 132 கேக்கும், பிராசசருக்கு 65, அதுக்கே 197 ஆச்சு, இதுக்கு மேல ஃபேன் ஹார்ட்டிஸ்க்லாம் இருக்கு. அப்புறம் கேம் நடுவுல பட்டுன்னு ஆஃப் ஆகாம என்ன பண்ணும்? வெறுமனே ஆஃப் ஆனாக்கூடப் பரவால்ல, சில நேரம் போர்டையும் சேத்துக் கொண்டுபோயிடும். 80 பிளஸ் பிரான்ஸ் (வெண்கலம்)னு, கரண்ட அதிகம் வீணாக்காதுங்கிற முத்திரை போட்ட நல்ல 550 வாட்ஸ் ஒண்ணு வாங்கிட்டா அடுத்த கார்டு மாத்தும்போதும் அதுவே ஓடும். இன்னொண்ணு, கேபினட்டத் தொட்டா சுருக்குன்னு ஷாக் அடிக்குதுன்னு வர்றவங்களுக்கு முக்கால்வாசி வீட்டு பிளக்ல எர்த் இருக்காது, முதல்ல எலக்ட்ரீஷியனக் கூப்பிட்டுப் பாருங்க, பிசியத் தூக்கிட்டு வராதீங்க.

கூலிங் விஷயத்துல எங்க கதையச் சொல்றோம், எங்க மேலதான் தப்பு. ஒரு தம்பி முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வச்ச கேபினட்தான் வேணும்னு அடம்புடிச்சாரு, நாங்களும் போட்டுக்குடுத்துட்டோம். மே மாசம் திரும்ப வந்தாரு, "அண்ணே மதியம் விளையாண்டா திக்குது, ராத்திரி நல்லா ஓடுது"ன்னாரு. டிரைவர் மாத்துனோம், விண்டோஸ் ஃபிரஷ்ஷா போட்டோம், ரேம் மாத்திப் பாத்தோம், ஒருநாள் பூரா போச்சு. கடைசியில கடைப் பையன் வேற எதுக்கோ சைடு மூடியக் கழட்டுனான், கேம் ஓடிட்டே இருக்கு, 90ல நின்ன பிராசசர் கண்ணு முன்னாடி 78க்கு இறங்குது. கண்ணாடிக்குப் பின்னாடி மூணு ஃபேன் காத்து கிடைக்காம சும்மா சுத்திட்டு இருந்திருக்கு, அதுக்கும் மேல பின்னாடி ஃபேன நாங்க தலைகீழா மாட்டியிருக்கோம், வெளிய தள்ளவேண்டிய சூட்ட அது உள்ளயே தள்ளிட்டு இருந்துருக்கு. கேபினட் மாத்திக்குடுத்தோம், காசு வாங்கல.

அந்தத் தம்பி பிசியில இருந்த ரைசன் 5600க்கு 90 டிகிரிதான் எல்லை, அதத் தொட்டா தன்னைக் காப்பாத்திக்க தானே வேகத்தக் குறைச்சுக்கும், அந்தத் திக்கல் அதுதான். எந்தக் கூலரா இருந்தாலும், லிக்விடே ஆனாலும், ரூம் சூட்டுக்குக் கீழ கொண்டுபோக முடியாதுங்க, உள்ள இருக்குற சூட்ட எடுத்து ரூம் காத்துல விடும், அம்புட்டுத்தான் அது வேல. மொட்டமாடிக்குக் கீழ இருக்குற ரூமு மே மாசம் ரெண்டு மணிக்கு எப்படிக் கொதிக்கும்னு நமக்குத் தெரியும், ரூமு 10 டிகிரி ஏறுனா பிராசசரும் ஏறக்குறைய 10 ஏறும். மார்கழியில 78ல ஓடுனது அப்ப எங்க போய் நிக்கும்னு கணக்குப் போட்டுக்கங்க. 65 வாட்ஸ் பிராசசருக்கு டப்பாவோட வர்ற கூலரே சமாளிக்கும், சத்தம் புடிக்கலன்னா ஒரு சாதா டவர் கூலர் போடலாம். லிக்விட் கூலர் காச, காத்து போற வலை (மெஷ்) முகப்பு வச்ச கேபினட்டுக்கும் முன்னாடி ரெண்டு பின்னாடி ஒண்ணுன்னு மூணு 120 எம்எம் ஃபேனுக்கும் போடுங்க.

ஃபேன் எந்தப்பக்கம் ஊதுதுன்னு சந்தேகமா இருந்தா ஊதுபத்தி ஒண்ணக் கொளுத்திக் கிட்ட புடிங்க, முன்னாடி புகை உள்ள போகணும், பின்னாடி வெளிய வரணும். புதுக் கூலர் மாட்டுறப்ப அடியில கண்ணுக்கே தெரியாத பிளாஸ்டிக் தாள் ஒண்ணு ஒட்டியிருக்கலாம், இருந்தா உரிச்சுட்டு மாட்டுங்க. டேபிளுக்குக் கீழ கதவு வச்ச பெட்டிக்குள்ள சிபியுவத் தள்ளிட்டு எங்ககிட்ட சண்டைக்கு வராதீங்க.

பழைய பிசிக்கு தூசி தட்டக் கொண்டுவர்றவங்க காலையில 11 மணிக்கு முன்னாடி வந்துருங்க, நம்மகிட்ட வாங்குனதுன்னா காசு கிடையாது. அதுக்கு மேல புளோயரப் போட்டா பக்கத்து டீக்கடை அண்ணன் வடைத்தட்டத் தூக்கிட்டு கடைக்குள்ளயே வந்துடுறாரு.