பிரேக் சிவப்பதைப் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நம் கார் பந்தய வீடியோ விளையாட்டில் பிரேக்கை மிதித்ததும் சக்கரத்துக்குள் தணலாகச் சிவக்கிறதே, அதைப் பற்றி மூன்று வாரங்களாக ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. எஞ்சின் சத்தம், டயர் வழுக்கல் என்று நீங்கள் சொல்லாத குறை இல்லை, கேட்டுத் திருத்தியிருக்கிறோம். ஆனால் "சிவப்புப் படத்தை ஒட்டிவிட்டு ஏமாற்றுகிறார்கள்" என்ற பேச்சு மட்டும் மனத்தில் முள்ளாகத் தைத்துவிட்டது. உங்களில் மெக்கானிக்குகளும் இருக்கிறீர்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்கிறான் என்று சிரித்தாலும் சரி, விரிவாகவே எழுதுகிறேன்.

காரை நிறுத்தும்போது அதன் வேகம் முழுவதும் சக்கரத்தோடு சுழலும் தட்டான டிஸ்க்கும் அதை இறுக்கிப் பிடிக்கும் பிரேக் பேடும் உரசும் இடத்தில் வெப்பமாகிறது. நம் பந்தயக் காரின் எடை 1500 கிலோ. மணிக்கு 200 கிலோமீட்டரில் வந்து நின்றால் ஏறத்தாழ 23 லட்சம் ஜூல். 8 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு அது. அடுப்புக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது வீட்டில் சமைப்பவர்களுக்குத் தெரியும். காருக்கு ஆறு விநாடி.

பிரேக் போடும்போது எடை முன்னால் சாய்வதால், இந்தச் சூட்டில் 70 விழுக்காட்டை முன் டிஸ்க்குகள் இரண்டுக்கும் கொடுத்திருக்கிறோம். 200இலிருந்து 80க்கு இறங்கும் ஒரே பிடியில், 10 கிலோ வார்ப்பிரும்பு டிஸ்க் 135 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறிவிடும். நேர்ப்பாதையில் காற்று கொஞ்சம் ஆற்றும். முழுக்க ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். இப்படிப் படிப்படியாக ஏறித்தான் நிறம் வருகிறது.

எந்தச் சூட்டில் வரும்? திடப்பொருள்கள் ஏறத்தாழ 525 டிகிரியில் மங்கிய சிவப்பாக ஒளிரத் தொடங்கும் என்று ஜான் வில்லியம் டிரேப்பர் என்ற விஞ்ஞானி 1847இலேயே எழுதிவைத்துவிட்டார். நாங்கள் வைத்திருக்கும் எண்ணும் அதுவே. ஆனால் அதே சூட்டில் இருக்கும் இரும்பு வெயிலில் கறுப்பாகத்தான் தெரியும். "இரவில் மட்டும் சிவக்கிறது, ஆகவே பொய்" என்றவர்களுக்கு இதுதான் பதில். லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தின் இரவுக் காட்சிகளைப் பாருங்கள். ஃபார்முலா ஒன் கார்களின் கார்பன் டிஸ்க்குகள் 1000 டிகிரியைத் தொடுவதால் அவை பகலிலும் ஒளிரும்.

இன்னொருவர், காரை நிறுத்திப் பத்து விநாடி ஆகியும் சிவப்பு அணையவில்லை என்று காணொளியே போட்டிருந்தார். ஐயா, ஒட்டிய படமாக இருந்திருந்தால் பெடலிலிருந்து கால் எடுத்த கணத்திலேயே அணைந்திருக்கும்! நின்ற காரில் காற்றோட்டம் இல்லை. டிஸ்க் மெல்லத்தான் ஆறும். நான்கு சக்கரங்களின் சூட்டையும் விநாடிக்கு 60 முறை தனித்தனியாகக் கணக்கிடுகிறோம். இதைச் சொல்லிக்காட்ட எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

விளையாட்டில் உள்ள சிறிய காரின் பிரேக் அளவுக்கு மீறிச் சீக்கிரம் சிவக்கிறது என்று நீங்கள் சொன்னது மட்டும் சரி. 1000 கிலோ கார் 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நின்றால், அதன் 5 கிலோ டிஸ்க் ஐம்பது டிகிரிக்குச் சற்று மேல்தான் ஏற வேண்டும். நம் காரோ இரண்டாவது பிடியிலேயே கொல்லன் உலைபோல ஜொலித்தது. தேடிப் பார்த்தால், டிஸ்க் எடை 5 என்று இருக்க வேண்டிய இடத்தில் 0.5 என்று இருக்கிறது. ஒரு புள்ளி செய்த வேலை. அந்தப் பகுதியை எழுதிய தம்பி போன மாதம் வேறு வேலைக்குப் போய்விட்டார். அவர் மேல் பழி இல்லை, சரிபார்க்காதது நான்தான். இப்போது நாங்கள் மூன்றே பேர் என்பதால் திருத்தம் மாதக் கடைசியில்தான் வரும். பிரேக்கின் பிடிப்பும் அதனோடு மாறுவதால், சிறிய கார்களின் சுற்று நேரப் பட்டியல் அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும்.

டயர்கள் சாலைக்குள் புதைந்து ஓடிய முதல் பதிப்பையும் பொறுத்துக்கொண்டு ஆடியவர்கள் நீங்கள். அந்தப் பொறுமையால்தான் இந்த நிறுவனத்தில் இன்னும் விளக்கு எரிகிறது. சிறிய காரின் ஓட்டத்தைக் காட்சி காட்சியாக நிறுத்திப் படமெடுத்து அனுப்பிய அன்பருக்குத் தனியாக ஒரு நன்றி. புள்ளியைக் கண்டுபிடித்தது அந்தப் படங்களை வைத்துத்தான்.

ஒரே ஒரு வேண்டுகோள். இன்று இரவுப் பயிற்சி ஓட்டத்தில் பந்தயக் காரை எடுத்து, வெளிக் கேமராவை முன் இடச் சக்கரத்தின் அருகில் வையுங்கள். முதல் சுற்றில் ஒன்றும் தெரியாது. மூன்றாவது சுற்றில், பெடலை விடுவதற்குச் சற்று முன்பு பாருங்கள்.

நன்றியுடன்,
உரிமையாளர்