பேரனுக்குச் சொன்ன தவறான பதில்

யாங்கோன்
சித்திரை 14

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம்.

நேற்று பேரன் போனில், "தாத்தா, விண்வெளி சூடா, குளிரா?" என்று கேட்டான். கடையில் நல்ல கூட்டம். "குளிர்தான், உடுப்பில்லாமல் போகிறவன் அந்த நொடியே உறைந்து கட்டையாகிவிடுவான்" என்றேன். அதற்குள் மின்சாரம் போய், இணைப்பும் அறுந்துவிட்டது. இரவு விசிறிக்கொண்டு படுத்திருந்தபோதுதான் தவறாகச் சொல்லிவிட்டது உறைத்தது. பௌதிகம் படித்தவன் சொல்லும் பதிலா அது? 1988இல் கல்லூரிகளை மூடியபோது நான் இரண்டாம் ஆண்டில் இருந்தேன். திறக்கும்வரைதானே என்று உன் தாத்தாவின் தேநீர்க்கடையில் உட்கார்ந்தவன், இன்னும் எழுந்திருக்கவில்லை. அதனால் கடைச் சாமான்களை வைத்தே சொல்கிறேன். நீ அவனுக்குப் படித்துக் காட்டு.

நம் நான் ரொட்டி அடுப்பு அவனுக்கு நினைவிருக்கும். மாவை உள்சுவரில் அறைய தினமும் நூறு முறை கையை உள்ளே விட்டு எடுக்கிறேன், கை வேகவில்லை. அதே கை சுவரில் பட்டால் தோல் உரிந்துவிடும். உள்ளே இருக்கும் காற்றும் கொதிக்கிற காற்றுதான். ஆனால் சூட்டைச் சுமந்துவந்து கையில் இறக்கும் துகள்கள் அதில் குறைவு. விண்வெளி நிலையம் சுற்றுகிற 400 கிலோமீட்டர் உயரத்தில், சூரியன் உக்கிரமாக இருக்கும் காலத்தில், மிச்சமிருக்கும் காற்றின் வெப்பநிலை 1000 டிகிரியைத் தாண்டும். அது யாரையும் சுடாது. சுடுவதற்கு அங்கே ஆள் போதாது.

அடுத்தது பிளாஸ்க். மேசைக்கு மேசை பச்சைத் தேநீர் நிரப்பி வைக்கிறோமே, அதன் கண்ணாடி இரட்டைச் சுவர். நடுவே காற்றை உறிஞ்சி எடுத்திருப்பார்கள். தொட்டுக் கடத்தவும் ஒன்றுமில்லை, சுழன்று கொண்டுபோகவும் ஒன்றுமில்லை. அடியில் இருக்கும் சிறு மூக்கு உடைந்து காற்று புகுந்தால் தேநீர் சீக்கிரமே பச்சைத் தண்ணீராகிவிடும். விண்வெளியில் மிதப்பவனும் இந்த இரண்டு சுவர்களின் நடுவே மாட்டியவன்தான். அவன் சூடு வெளியேற ஒரே வழி கதிர்வீச்சு, அதுவோ மெதுவான வழி. ஆகவே உறைவதற்கு நெடுநேரம் ஆகும். மூச்சில்லாமல் மயங்குவது அதற்கு வெகு முன்பே, பத்துப் பதினைந்து நொடியில் நடந்துவிடும்.

1966இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஜிம் லபிளாங்க் என்பவர் காற்றை வெளியேற்றிய அறைக்குள் விண்வெளி உடுப்பைச் சோதித்தார். அப்போது உடுப்புக்குக் காற்று தரும் குழாய் கழன்றுகொண்டது. மயங்குமுன் நாக்கில் எச்சில் கொப்புளித்ததுதான் அவருக்குக் கடைசியாக நினைவிருந்ததாம். நெருப்பே இல்லாமல் கொதி! காற்றழுத்தம் போனால் தண்ணீர் அப்படித்தான். பிழைத்துவிட்டார் என்பதையும் பேரனிடம் சொல்லிவிடு, இல்லாவிட்டால் தூங்கமாட்டான்.

உண்மையில் அங்கே பெரிய தொல்லை புழுக்கம். உடம்பின் சூடு உடுப்புக்குள்ளேயே தேங்கிவிடுவதால், உள்ளாடை முழுவதும் 90 மீட்டர் நீளத்துக்கு மெல்லிய குழாய் ஓட்டி, தண்ணீர் சுற்றவிட்டுத்தான் ஆளைக் குளிர்விக்கிறார்கள். நிலையத்தின் சூட்டை அம்மோனியா சுமந்துபோய், வெளியே விரித்த பலகைகளில் இறக்குகிறது. பலகைகள் அதை இருட்டுக்குள் வீசுகின்றன. பிளாஸ்க் சுவரிலாவது ரசம் பூசிக் கதிரைத் திருப்பிவிடுகிறோம். விண்வெளிக்கு யார் பூசுவது? வெயில் நேரே வந்து அறைகிறது. நிலையத்தில் வெயில் படும் பக்கம் 120 டிகிரி வரை ஏறும், நிழல் பக்கம் உறைநிலைக்குக் கீழே 150ஐயும் தாண்டி இறங்கும். ஆகவே பேரன் கேட்டதற்குப் பதில்: எந்தப் பக்கம் நிற்கிறாய் என்பதைப் பொறுத்தது.

உனக்கும் ஒரு பாக்கி இருக்கிறது. ஏழு வயதில் மாண்டலேயிலிருந்து மேமியோ மலைக்கு பஸ் ஏறியபோது, "சூரியனுக்குக் கிட்டத்தானே போகிறோம், ஏன் குளிர்கிறது?" என்றாய். மலை என்றால் குளிரும் என்று வாயை அடைத்தேன். வெயிலில் பெரும்பகுதி காற்றைச் சுடாமல் கடந்துவந்து மண்ணைச் சுடுகிறது. மண்தான் அடுப்பு, காற்று அதன்மேல் வைத்த சட்டி. சூடேறி மேலெழும் காற்று விரிகிறது, விரிந்தால் ஆறுகிறது. கிலோமீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி. நாம் ஏறியதும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். அன்று இரவு மேகமே இல்லாமல் மூவரும் ஒரே கம்பளியில் நடுங்கினோமே, அது மண்ணின் சூடு தடுப்பாரில்லாமல் வானத்துக்குப் போனதால். காற்றில் நீராவியும் கரியமில வாயுவும் இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை 15 டிகிரியாக இருக்காது, மைனஸ் 18 ஆகிவிடும்.

நடு மியான்மரின் சௌக் ஊரில் 2024 ஏப்ரல் 28 அன்று 48.2 டிகிரி அடித்ததைப் படித்ததிலிருந்து, அடுப்படியில் நிற்காதே என்று திட்டுகிறாய். யாங்கோனில் அவ்வளவு ஏறுவதில்லை. வியர்வைதான் காயமாட்டேன் என்கிறது; காற்று ஏற்கெனவே ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது. மத்தியான ரொட்டியை நிறுத்திவிட்டேன், போதுமா?

சப்போரோவிலிருந்து எவர்சில்வர் பிளாஸ்க் எதையும் வாங்கி அனுப்பாதே. பழைய கண்ணாடி பிளாஸ்குகளுக்குத் தக்கை கிடைத்தால் ஆறு அனுப்பு. வாயின் அளவை இதனுடன் வைத்த தாளில் வட்டமாக வரைந்திருக்கிறேன்.

அப்பா