சாவியைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்

லண்டனில் இந்த இலையுதிர்காலத்தில் முதன்முதலாக அலாட்மென்ட் காணி (கவுன்சில் வாடகைக்குக் கொடுக்கும் தோட்டத் துண்டு) எடுத்த நம் குடும்பங்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு எங்கள் தோட்டத்துப் படலையடியில் ஒரு தம்பியைக் கண்டேன். முழங்கால் வரை சேறு. "அக்கா, இது வயல் காணி, தோட்டக் காணி இல்லை. திறப்பைக் குடுத்திட்டுப் போறன்" என்றார். மழையில் நின்று அவருக்கு முழுதாகப் பதில் சொல்ல முடியவில்லை. உங்களில் பலர் அதே நினைப்பில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன், அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

என் காணியும் அப்படித்தான் கைக்கு வந்தது. ஆளுயரத்துக்கு பிளாக்பெரி முட்புதர், பள்ளப் பக்கத்தில் கோரை, நவம்பர் தொடங்கி மார்ச் வரை தேங்கிய தண்ணீர். பிழை காணியில் இல்லை, நம் கைப்பழக்கத்தில் இருக்கிறது. நம் அப்பாமார் யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் பழகியவர்கள். அடியில் சுண்ணாம்புக்கல், மாரி மழை கொட்டினாலும் தண்ணீர் இறங்கிவிடும், மழை விட்ட கையோடு மண்வெட்டியைத் தூக்கலாம். லண்டன் களிமண்ணில் அதைச் செய்யவே கூடாது. ஈரத்தில் மிதித்தாலோ கொத்தினாலோ மண்ணுக்குள் இருக்கும் காற்றுத் துளைகள் அடைபடும், காய்ந்ததும் செங்கல்தான். முதல் டிசம்பரில் மூன்று சனிக்கிழமை வியர்க்க வியர்க்கக் கொத்தினேன். அடுத்த கோடையில் அந்த இடத்தில் கரட் இரண்டு அங்குலத்துக்குக் கீழே இறங்கவில்லை. அந்தத் துண்டைத் தேற்ற எனக்கு மூன்று வருடம் பிடித்தது.

ஆகவே இப்போது கொத்தாதீர்கள். ஒரேயொரு குழி மட்டும் முழங்கால் ஆழத்துக்கு வெட்டிப் பாருங்கள். அடிமண் நீலச் சாம்பல் நிறமாக, கூழ்முட்டை நாற்றத்தோடு இருந்தால் அங்கே காற்றே போகவில்லை என்று அர்த்தம். அப்புறம் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடப் பார்க்கிறது என்று கவனியுங்கள். எங்களுக்கு ஓரத்து வாய்க்கால்தான் அடைபட்டுக் கிடந்தது, பல வருடத்து இலையும் மண்ணும். அது ஒரு குடும்பம் தனியாகச் செய்து முடிக்கும் வேலை இல்லை. பக்கத்துக் காணிக்காரரோடு சேர்ந்து, படத்தோடு, கவுன்சிலுக்கு எழுதுங்கள். தனியாக எழுதிய என் கடிதங்களுக்குப் பதில் வரவில்லை, ஒன்பது பேர் கையெழுத்து வைத்ததும் வந்தது.

காணிக்குள், மழை விட்ட நாளில் பலகை போட்டு அதன் மேல் நின்று நடைபாதையை ஒரு சாண் தோண்டி, அந்த மண்ணைப் பக்கத்துப் பாத்தியில் ஏற்றுங்கள். பாதைக்குள் மரச்சீவலைக் கொட்டுங்கள். பாத்தி உயர உயர வேர் தண்ணீருக்கு மேலே வந்துவிடும். அப்படி உயர்த்திய ஒரு பாத்தியில் இப்போதே உள்ளி ஊன்றலாம், குளிர் பட்டால்தான் அது பல்லுப் பிரியும்.

முட்புதருக்கு இதுதான் காலம். மார்ச்சில் பறவைகள் கூடு கட்டத் தொடங்கும், இருக்கும் கூட்டைக் கலைப்பது இந்நாட்டின் 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். மேலே வெட்டினால் போதாது, அடிக்கட்டையைத் தோண்டி எடுக்க வேண்டும். வெட்டிக் குவித்ததை அப்படியே கொளுத்தாதீர்கள், அடியில் முள்ளெலி உறங்கும். பைண்ட்வீட் என்ற கொடிக் களையின் வேர் உள்ள இடத்தில் உழும் இயந்திரம் வேண்டவே வேண்டாம். நம் ஊர்க் கோரையைப் போலத்தான், ஒவ்வொரு துண்டும் ஒரு செடியாகும். அட்டை விரித்து, மேலே கறுப்பு விரிப்பைப் போட்டுக் கல் வையுங்கள்.

குதிரை எரு இலவசமாகக் கிடைத்தால், மேய்ச்சல் புல்லுக்குக் களைகொல்லி அடித்தார்களா என்று கேளுங்கள். சில மருந்துகள் எருவிலும் தங்கிப் போஞ்சியையும் தக்காளியையும் சுருட்டிவிடும். சந்தேகமென்றால் ஒரு சட்டியில் எருவைக் கலந்து நாலு போஞ்சி போட்டுப் பாருங்கள்.

முழுக் காணி, அதாவது இங்கத்தைய பழைய அளவில் பத்து "போல்" (pole), கிட்டத்தட்ட 250 சதுர மீட்டர். இந்தக் குளிருக்குள் கால்வாசி போதும், மீதி மூடியே கிடக்கட்டும். பயிரிடவில்லை என்று நோட்டீஸ் வருமுன்னரே, என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று நீங்களே எழுதிவிடுங்கள்.

என்னிடம் இரண்டு நீளப் பலகையும் ஒரு நல்ல கத்தியும் இருக்கின்றன. சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் படலையடியில் நிற்பேன். அந்தத் தம்பியையும் கூட்டி வாருங்கள்.

உங்கள் பக்கத்துக் காணிக்காரி