வலி கையில், காரணம் சீட்டில்

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீ தொலைபேசியில் அனுப்பிய சாமான் பட்டியலை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். ஹேண்டிலை உயர்த்தும் ரைசர், உயரமான முன்கண்ணாடி, ஜெல் மெத்தை, என்ஜினைக் காக்கும் கிராஷ் பார் கம்பியில் காலை நீட்டி வைக்கும் மிதி, பின்னால் மாட்டும் பெரிய பாக்ஸ் என்று ஐந்தையும் எழுதி, எதை முதலில் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். ஜோகூர் பாருவிலிருந்து நம் வீட்டு வாசல் வரை ஏறத்தாழ 550 கிலோமீட்டர். அத்தனை தூரத்தையும் 250 சிசி வண்டியில் தனியாக ஓட்டி வரும் பிள்ளை உடம்பு நோகாமல் வந்து சேர வேண்டும் என்பதில் எனக்கு உன்னைவிட அக்கறை அதிகம். அதனால்தான் சொல்கிறேன், இப்போதைக்கு எதையும் வாங்காதே.

தீபாவளிக்கு நீ வந்து இறங்கியபோது கேட்டைப் பிடித்துக்கொண்டு வலது கையை உதறியபடியே வெகுநேரம் நின்றாய். வழியில் பாகோ ஊரைத் தாண்டியதிலிருந்தே சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போய்விட்டதாக நீ அம்மாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. மறுநாள் காலையில் வண்டியைக் கழுவும்போது சீட்டைக் கவனித்தேன். பின்பக்கம் புதுக் கருக்கு மாறாமல் இருக்க, பெட்ரோல் தொட்டியை ஒட்டிய நான்கு விரல் அகலம் மட்டும் தேய்ந்து பளபளவென்று இருந்தது. நடுவில் கட்டை விரலை வைத்து அழுத்தினேன். அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு தட்டுப்படும் வரை விரல் இறங்கியது.

பாப்பா, உன் கை மரத்துப்போவதற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. சீட் முன்பக்கமாகச் சரிந்திருப்பதால் நீ கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கி முன்னே வருகிறாய். மேலும் வழுக்காமலிருக்க உனக்கே தெரியாமல் இரண்டு கைகளையும் ஹேண்டிலில் ஊன்றிக்கொள்கிறாய். உடம்பின் பாரம் உள்ளங்கையில் இறங்க, மணிக்கட்டில் சுண்டு விரல் பக்கமாக ஓடும் நரம்பு மணிக்கணக்கில் நசுங்குகிறது. என்ஜின் அதிர்வும் அதோடு சேர்ந்துகொண்டால் விரல் மரக்காமல் என்ன செய்யும்? இந்த நிலையில் ஹேண்டிலை மட்டும் உயர்த்தினால் வலி தோளுக்கு இடம் மாறுமே தவிர, வண்டியை விட்டு இறங்காது. தோட்டத்துப் பட்டறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் டிராக்டர் பழுது பார்த்தவன் சொல்கிறேன், சத்தம் வருகிற இடத்திலேயே பழுது இருப்பது அரிது.

முதலில் காசு செலவில்லாத வேலையைச் செய். வண்டியை நிறுத்தி, வழக்கம்போல உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கைகளையும் ஹேண்டிலில் வை. விரல்களை நீட்டினால் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரே கோடாக இருந்து, கிளட்ச் நெம்பும் பிரேக் நெம்பும் அந்தக் கோட்டிலேயே விரலுக்கு அகப்பட வேண்டும். மணிக்கட்டை மேலே மடக்கித்தான் எட்ட முடிகிறது என்றால், நெம்பைப் பிடித்திருக்கும் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தி, வேண்டிய அளவு கீழே திருப்பி, மறுபடியும் இறுக்கு. பத்து நிமிட வேலை. கால்வாசி வலி இதிலேயே குறைந்துவிடும் என்பது என் எண்ணம்.

அடுத்தது சீட். கடையில் கையால் அழுத்தும்போது மெத்தென்று இருப்பதெல்லாம் நல்ல சீட் என்று நினைத்துவிடாதே. மென்மையான ஃபோம் முதல் அரை மணி நேரத்துக்குச் சுகமாக இருக்கும். பிறகு அமுங்கிப்போய், உட்காரும் எலும்பு இரண்டும் தட்டின் மேல் நிற்கும். நெடுந்தூரத்துக்கு உறுதியான ஃபோம்தான் ஏற்றது. உட்காரும் இடம் அகன்று பாரத்தைத் தொடை வரை பரப்ப வேண்டும். முன்பக்கம் ஒடுங்கியிருந்தால்தான் சிக்னல் விளக்கில் நிற்கும்போது உன் கால் தரையை எட்டும். நடுப்பகுதி சாய்வில்லாமல் மட்டமாக இருக்க வேண்டும். உறையின் தையல் உட்காரும் இடத்தில் குறுக்கே ஓடக்கூடாது, ஏனென்றால் நூறு கிலோமீட்டர் தாண்டியதும் அந்தத் தையல் கயிறு போல உறுத்தும். தையல் துளை வழியாக மழைநீர் இறங்கினால் ஃபோம் ஊறி, வெயிலில் காய்ந்த பிறகும் உட்காரும்போது ஈரம் கசியும். ஆகவே உறைக்குக் கீழே தண்ணீர் இறங்காத தாள் ஒன்றை ஒட்டச் சொல்ல வேண்டும். நம் டவுனில் உள்ள குஷன் கடையில் இதையெல்லாம் பேசி வைத்திருக்கிறேன். நீ வண்டி மேல் உட்கார்ந்து காட்டிய பிறகே ஃபோமை வெட்ட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன்.

இவை இரண்டும் முடிந்த பிறகும் முதுகு குனிந்தே இருந்தால் ரைசர் போடலாம், அதுவும் 20 அல்லது 30 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நீ பிறப்பதற்கு முன்னால், கப்சாய் என்று சொல்லும் என்னுடைய பழைய சின்ன மோட்டார் சைக்கிளுக்கு ஒரு கடையில் உயரமான ஹேண்டில் மாட்டினேன். கேபிள்களை அவர்கள் மாற்றவில்லை, நானும் பார்க்கவில்லை. தோட்டத்து வாசலில் முழுவதுமாகத் திருப்பியபோது எக்ஸிலேட்டர் கேபிள் இழுபட்டு, கையை விட்ட பிறகும் என்ஜின் உறுமிக்கொண்டு பாய்ந்தது. வண்டியோடு கால்வாயில் விழுந்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த உன் அம்மாவின் முழங்கையில் இருக்கும் தழும்பு அன்று வந்தது. ஆகவே ஹேண்டிலைத் தொட்டால், என்ஜினை ஓடவிட்டு இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை மெதுவாகத் திருப்பிப் பார். என்ஜின் சத்தம் சிறிதும் ஏறக்கூடாது. கிளட்ச் கேபிளோ பிரேக் குழாயோ விறைத்து நிற்கக்கூடாது.

முன்கண்ணாடி விஷயத்தில் உயரமானதுதான் நல்லது என்பது பொதுவான தவறு. கண்ணாடியின் விளிம்பைத் தாண்டும் காற்று சுழன்றடித்து ஹெல்மெட்டில் மோதினால், கண்ணாடியே இல்லாமல் ஓட்டுவதைவிடக் கழுத்து அதிகமாக வலிக்கும். நேரான, வாகனம் குறைந்த சாலையில் போகும்போது தலையை ஓரிரு அங்குலம் தாழ்த்தியும் உயர்த்தியும் பார். எந்த உயரத்தில் இரைச்சல் அடங்குகிறதோ, அதை வைத்துக் கண்ணாடியின் அளவை முடிவு செய். எப்படியும் அதன் மேல் விளிம்பு உன் கண்ணுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். பீடோர், தாப்பா பக்கம் சாயங்கால மழை பிடித்துக்கொண்டால் நனைந்த கண்ணாடி வழியாகப் பார்த்து ஓட்ட முடியாது.

கால் நீட்டி வைக்கும் மிதியை வேண்டாம் என்றே சொல்கிறேன், ஏனென்றால் பிரேக்கிலிருந்து பாதம் விலகியிருக்கும் அந்த ஒரு நொடியை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. பாக்ஸ் போடலாம், ஆனால் சிறியதாக. பின்சக்கரத்துக்கும் பின்னால் பாரம் ஏறினால் முன்சக்கரம் இலேசாகி, வேகத்தில் ஹேண்டில் ஆடும். கனமான சாமானைத் தொட்டி மேல் வைக்கும் பையில் போடு. பாக்ஸ் மாட்டுவதற்காகச் சட்டத்தை வெட்டவோ பற்றவைக்கவோ யாரையும் விடாதே. அந்த இடம் பலவீனப்படுவதோடு, சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் ஒப்புதல் இல்லாமல் வண்டியின் கட்டமைப்பில் கை வைப்பது குற்றமும் ஆகும்.

ஒவ்வொன்றையும் தனித்தனியாக மாற்றி, மலாக்கா பக்கம் ஆயர் கெரோ வரை ஒருமுறை போய்த் திரும்பிப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொடு. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று உனக்குத் தெரியாமல் போய்விடும். நெம்பைத் திருப்பியதும் எந்த இடத்தில் விரல் மரக்கத் தொடங்குகிறது என்று எனக்கு எழுது. மாச்சாப்பிலா, பாகோவிலா, அதற்கும் அப்பாலா என்று சரியாகக் குறித்துக்கொள்.

பொங்கலுக்கு வரும்போது ஒரு நாள் முன்னதாகவே வந்துவிடு. குஷன் கடைக்காரருக்கு ஒரு பகல் முழுவதும் வேண்டுமாம். பழைய ஃபோமை எறிந்துவிடாமல் வாங்கி வை. புதியது ஒத்துவராவிட்டால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

அன்புடன்,
அப்பா