ஆறு மணி கேட்டும் ஐந்தாவது செட்டும்

கல்லூரி ஆட்சிமன்றக் குழுவினருக்கும் முதல்வர் ஐயாவுக்கும் வார்டன் அம்மாவுக்கும், கிறிஸ்துவின் நாமத்தில் வணக்கம்.

உங்கள் மகளிர் விடுதியில் தங்கி, உங்கள் கல்லூரிக்காக வாலிபால் ஆடியவள் நான். இப்போது நாங்குநேரிப் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். நன்றாக ஆடுகிற பிள்ளைகளை ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் உங்களிடம்தான் அனுப்புகிறேன். லீவுக்கு வரும்போது எல்லாரும் சொல்வது ஒரே குறை: ஆறு மணிக்கு மூடிவிடும் விடுதி கேட்.

நம்ம ஊர் வெயிலில் நாலரைக்கு முன்னால் மைதானத்தில் கால் வைக்க முடியாது. நெட் கட்டி, வார்ம்-அப் முடிக்க ஐந்தேகால். ஆறு மணிக்கு விடுதி மணி அடித்துவிடும். ஆட்டத்துக்கு மிஞ்சுவது முக்கால் மணி நேரம். மேட்ச் ஐந்து செட் போனால் இரண்டு மணி நேரம்கூட ஆகும். முக்கால் மணி நேரமே பழகிய பிள்ளை நாலாவது செட்டில் பிளாக்குக்கு எழும்ப முடியாமல் நெட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவதைக் கேலரியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதே மைதானத்தில் பையன்கள் லைட் போட்டு எட்டு மணிவரை ஆடுகிறார்கள்.

பாதுகாப்பு என்பீர்கள். பெற்றோருக்குப் பதில் சொல்லவேண்டியது நீங்கள்தான். அந்தக் கவலையை இளப்பமாக நினைக்கவில்லை. ஆனால் மைதானம் காம்பவுண்டுக்குள்தானே இருக்கிறது? விடுதி வாசலில் நின்றால் சர்வீஸ் போடுகிறவள் முகம் தெரியும். பாதுகாப்பைக் காரணம் காட்டி, மாணவர்களுக்கு இல்லாத கட்டுப்பாட்டை விடுதி மாணவிகளுக்கு மட்டும் விதிக்கக்கூடாது என்று பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2015 விதிமுறைகளே சொல்கின்றன.

அடுத்தது மெஸ். காலைப் பயிற்சி முடித்து, குளித்து வருவதற்குள் இட்லி தீர்ந்திருக்கும். அண்டாவின் அடியில் ஒட்டிய உப்புமாதான் கிடைக்கும். தினமும் பயிற்சி செய்கிறவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்குக் குறைந்தது 1.2 கிராம் புரதம் வேண்டும். 50 கிலோ பிள்ளைக்கு 60 கிராம். ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம். அதுவும் வாரத்தில் இரண்டு நாள்தான் தட்டுக்கு வருகிறது. (சாம்பாரைப் பற்றி நான் பேசவில்லை. அதற்குத் தனி மடல் வேண்டும்.)

விளையாட்டு பக்தியைக் கெடுக்கும் என்று மாலை ஜெபத்தில் சிலர் சொல்வதுண்டு. 1891இல் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கியதும், 1895இல் வில்லியம் மார்கன் வாலிபாலை உருவாக்கியதும் கிறிஸ்தவ இளைஞர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ.வில் வேலை பார்த்தபோதுதான். 1920இல் ஹாரி பக் சென்னையில் உடற்கல்விக் கல்லூரி தொடங்கியதும் அதே சங்கத்தின் பேரில்தான். ஞாயிற்றுக்கிழமை மேட்ச் வந்தால் பிள்ளைகள் விடியற்கால ஆராதனைக்குப் போய்விட்டுக் கிளம்பட்டும், யாரும் மறுக்கமாட்டார்கள்.

டீமில் இருக்கிறவர்களுக்கு மட்டுமாவது கேட்டை ஏழரைக்கு மாற்றுங்கள். பி.டி. மேடம் கையெழுத்துப் போட்டு, தானே கூட்டிக்கொண்டு வந்து விடட்டும். அவர்கள் பேருக்குக் காலைச் சாப்பாட்டை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். தினம் இரண்டு முட்டை கூடச் சேர்த்தால் போதும், செலவை விளையாட்டுக் கட்டணத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

என் பள்ளியில் இந்த வருஷம் ஒரு செட்டர் (அடிக்கிறவளுக்குப் பந்தை எடுத்துக் கொடுக்கிறவள்) பன்னிரண்டாம் வகுப்பு எழுதுகிறாள். எந்தக் காலேஜில் சேர்க்கலாம் டீச்சர் என்று அவள் அப்பா இரண்டு தடவை கேட்டுவிட்டார். அட்மிஷனுக்கு முன்னால் உங்கள் பதில் வந்தால் அவருக்குச் சொல்ல வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவி